காணும் பொங்கலுக்கு வீடு காட்டினோம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் தம்பியைப் பற்றி நான் சொல்லப்போவதில் கால்வாசியைக் கழித்துவிட்டு வாசித்தால் சரியாக இருக்கும்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அப்பா வீடு, அம்மாவும் போன பிறகு பூட்டியே கிடந்தது. எனக்கும் தம்பிக்கும் பாதிப் பாதி. அவன் சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கிறான். நான் இங்கேயே, ஆற்றுக்கு இந்தப் பக்கம் கே.கே. நகரில். வாரத்துக்கு ஒருநாள் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டிப் போய்க் கதவைத் திறந்து, பெருக்கி, பெருமாள் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வருவேன். மழைக்காலத்தில் அது போதாது. கூடத்தில் மூன்று இடத்தில் ஒழுகும். அண்டா ஒன்று, வாளி இரண்டு வைத்துவிட்டு வருவேன். அடுத்த தடவை போனால் மூன்றும் நிரம்பி, தரையெல்லாம் தண்ணீர் நிற்கும்.

போன தீபாவளிக்கு வந்தபோது தம்பி அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டுதான் பேச்சை எடுத்தான்.

"அக்கா, இது நம்ம தலையில விழறதுக்கு முன்னாடி பில்டர்கிட்ட கொடுத்துடலாம். இடிச்சுட்டு ஃபிளாட் கட்டறாராம். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"எனக்கு இருக்கிற வீடே பெருக்க முடியல. இன்னொண்ணு எதுக்கு?"

"அப்ப மாடித் தளத்தை யாரு மாத்துவா? நீயா? நானா?"

நியாயமான கேள்விதான். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. பொங்கலுக்குள் தளத்துக்கு ஒரு வழி பண்ணிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் காணும் பொங்கல் சாயங்காலம் நீ நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"வாக்கு மாற மாட்டியே?" என்றான்.

"நான் எப்படா மாறியிருக்கேன்?" என்றேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான்.

வழி ஒன்று எனக்குத் தெரியும் என்ற தைரியத்தில்தான் அப்படி வாய் விட்டேன். ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுவதைப் பொறுக்காத பத்துப் பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் கட்டுச்சோற்றோடு முக்கொம்புக்கும் கல்லணைக்கும் கிளம்புகிற காணும் பொங்கலன்று, இவர்கள் டிக்கெட் போட்டு ஐந்து பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டுவார்கள். வருகிற பணத்தோடு நன்கொடையையும் சேர்த்து, அந்த ஐந்தில் ஒரு வீட்டின் தளத்தைப் பழைய முறையிலேயே புதுப்பித்துக் கொடுப்பார்கள். எந்த வீடு என்று அன்று மதியமே சொல்லிவிடுவார்கள். கட்டடக்கலைக் கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு அம்மாதான் வீடுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்.

அவர் எங்கள் வீட்டை ஐந்தில் ஒன்றாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு சுவர். கூடத்தின் மேற்குச் சுவர். வாசல் நடையிலிருந்து முற்றம் வரை ஒரே நீளம். சுண்ணாம்புப் பூச்சுதான், ஆனால் தொட்டால் சலவைக்கல் மாதிரி இருக்கும். அதில் முகம் தெளிவாகத் தெரியாது, வகிடு நேராக இருக்கிறதா என்பது தெரியும். அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நான் ஸ்கூலுக்குப் பின்னல் போட்டேன். இந்த மாதிரிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலப்பார்கள் என்று சில ஊர்களில் சொல்வதுண்டு. எங்கள் தெருவில் அப்படிச் சொன்னால் கதை கந்தல். கடுக்காய், வெல்லம், தயிர், வேறு ஒன்றுமில்லை என்று அப்பா அடித்துச் சொல்வார்.

குழு கொடுத்த படிவத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வீட்டைக் காட்டி முடிக்கும்வரை பழைய வேலை எதிலும் கை வைக்கக் கூடாது. சுரண்டக் கூடாது, பூசக் கூடாது. வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். காணும் பொங்கலன்று ஆட்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்பதை மட்டும் தம்பியிடம் சொன்னேன். நிபந்தனையைச் சொல்லவில்லை. சொன்னால் குறுக்கே ஏதாவது பேசிக் காரியத்தைக் கெடுப்பான் என்று நினைத்தேன். சொல்லாததால் கெடுத்தான்.

பொங்கலுக்கு முந்தின வாரம் நான் ஜீயபுரத்தில் இருந்தேன். என் கணவர் வீட்டு வயலில் அறுப்பு. அங்கே இருக்கும்போது தம்பி போன் பண்ணினான். குரலில் ஒரே உற்சாகம்.

"லீவு போட்டுட்டு வந்துட்டேன்க்கா. நம்ம வீட்டுலதான் இருக்கேன். நீ வந்து பாரு, அசந்து போயிடுவ."

"என்னடா பண்ணின?"

"வந்து பாருக்கா."

போகியன்று காலையில் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். தெருவில் பழைய பாய் எரிக்கிற புகை. கதவு திறந்திருந்தது. உள்ளே பெயிண்ட் வாடை. நடையைத் தாண்டிக் கூடத்துக்குள் கால் வைத்தேன். மேற்குச் சுவர் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, பிஸ்தா பச்சை. கல்யாண மண்டபத்து டைனிங் ஹாலுக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சை.

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்காத குடும்பம் எங்கள் பக்கம் கிடையாது. விருந்தாளி வருகிறார்கள் என்றால் கேட்கவே வேண்டாம். அவன் செய்தது அதைத்தான். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் பழைய சுவரைப் பார்க்க ஆள் வருகிறார்கள் என்று அந்தச் சுவருக்கே புதுப் பெயிண்ட் அடித்திருக்க மாட்டான்.

"அடப்பாவி!" என்று கத்தினேன். அதற்கு மேல் கத்தியதை எழுத முடியாது. தெருவில் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நிபந்தனையைச் சொன்னேன், படிவத்தைச் சொன்னேன், சுவரைக் கெடுத்தால் தளம் நமக்குக் கிடையாது என்று சொன்னேன். வேண்டுமென்றே செய்தாயா, பில்டர் சொல்லிக்கொடுத்தானா என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது.

அவன் முகம் சுருங்கிப்போனது. "ஊரே வந்து பாக்கப்போகுதுன்னு சொன்னே. நாள் பூரா நீதான் வாசல்ல நிக்கப்போறே. புள்ளைங்க இருந்தும் வீட்டை இப்படிப் போட்டு வச்சிருக்காங்களேன்னு உன் காதுபட யாராவது சொன்னா? அதுக்குத்தான்க்கா அடிச்சேன்."

என்னை ஜெயிக்க வைக்கத்தான் அடித்திருக்கிறான். தனக்கு எதிரான பந்தயத்தில்! எனக்கு அழுகையும் வந்தது, அவனை நாலு சாத்து சாத்தவும் தோன்றியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

அந்த நேரம் பார்த்துப் பெயிண்டர் வந்தார், மீதி அறைகளை ஆரம்பிக்க. நல்லவேளை, இந்த ஒரு சுவரைத்தான் முடித்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தலையைச் சொறிந்தார்.

"வழவழ சுவரும்மா, பெயிண்ட் பிடிக்காதுன்னு அப்பவே சொன்னேன். உப்புத்தாள் போட்டுத் தேச்சாத்தான் பிடிக்கும். வாசப்பக்கம் கொஞ்சம் தேச்சும் பார்த்தேன். சார்தான் நேரமில்ல, அப்படியே அடிங்கன்னாரு."

"அப்படீன்னா உரிஞ்சு வருமா?"

"ஈரம் பட்டா வரும்மா."

என் தம்பியின் அவசரபுத்திக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நன்றி சொன்னேன். ஏணியை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள் என்று பெயிண்டரை அனுப்பினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அம்மாவின் பழைய பீரோவிலிருந்து வேஷ்டிகளை எடுத்து முக்கி, சுவரில் ஒட்டினேன். ஒரு மணி நேரம் கழித்து ஓரத்தை நகத்தால் நெம்பினால், வெந்த தோசை மாதிரி எழும்பி வந்தது. கீழே பழைய சுவர், ஒரு கீறல் இல்லாமல்.

"வாடா இங்கே. மூணு நாள் இருக்கு. இதை உரிக்காம நீயும் சாப்பிடப்போறதில்ல, நானும் சாப்பிடப்போறதில்ல" என்றேன். சாப்பிட்டோம், அது வேறு விஷயம். எதிர் மெஸ்ஸிலிருந்து இட்லி வந்தது.

அவன் அடுக்களைக்குள் போய்த் தோசைத்திருப்பியோடு வந்தான். "அந்த இரும்பைச் சுவத்துல வச்சே, கையை ஒடிச்சுடுவேன்" என்றேன். மர அகப்பை, பிளாஸ்டிக் ஸ்கேல், நகம், இவைதான் ஆயுதம். ஏணியில் அவன், தரையில் நான். எங்கள் வயதைக் கூட்டினால் நூறைத் தாண்டும். அவனுக்கு முதுகு வலி, எனக்கு முழங்கால். ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. சில இடங்களில் ஒரு முழம் ஒரே தாளாக வரும், அப்போது இருவருக்கும் சிரிப்பு வரும். சில இடங்களில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும், அப்போது நான் திட்டுவேன், அவன் இன்னொரு வேஷ்டியை நனைத்து ஒட்டுவான். பொங்கலன்று முற்றத்தில் பானை வைத்தோம். நகக்கண்ணில் பச்சையோடுதான் "பொங்கலோ பொங்கல்" சொன்னோம். பெருமாள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மாட்டுப் பொங்கல் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிந்தது. ஒரு இடத்தைத் தவிர. வாசல் பக்கம், உப்புத்தாள் பட்ட இடத்தில், இரண்டு கை விரிக்கும் அகலத்துக்குச் சுவர் மங்கிப்போயிருந்தது. அங்கே பளபளப்பும் இல்லை, வகிடும் தெரியவில்லை. எண்ணெய் தடவிப் பார்த்தேன், தேய்த்துப் பார்த்தேன். போனது போனதுதான்.

"பீரோவை நகர்த்தி அதும் முன்னாடி வச்சுடலாம்க்கா" என்றான் தம்பி.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. எனக்கு வீடு வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பேருமாக முக்கி முனகி பீரோவைத் தள்ளி, மங்கின இடத்தை மறைத்தோம். அதன் மேல் ஒரு குத்துவிளக்கையும் வைத்தேன், இயல்பாகத் தெரியட்டும் என்று.

மறுநாள் ஒன்பது மணிக்கே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பத்துப் பத்துப் பேராக. பட்டுப்புடவையில் வந்த குடும்பம் ஒன்று, காமெராவோடு காலேஜ் பெண்கள், குவைத்திலிருந்து லீவில் வந்த ஒருவர். "இங்க ஷூட்டிங்லாம் எடுக்கலையா?" என்று ஒருவர் கேட்டார். "சதுர அடி என்ன போகும் இந்தத் தெருவுல?" என்று இன்னொருவர். "உங்களுக்கு வேணுமா? இல்லல்ல? அப்ப விடுங்க" என்றேன். தம்பி பின்னாலிருந்து என் புடவைத் தலைப்பை இழுத்தான்.

பாலக்கரைப் பக்கமிருந்து வந்த ஒரு முஸ்லிம் அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். "எங்க வீட்லயும் இதே மாதிரி இருந்துச்சும்மா. கழுவறதுக்கு ஈசின்னு டைல்ஸ் ஒட்டிட்டோம்" என்றார். நான் அவருக்கு மோர் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

கட்டடக்கலை ஆசிரியை பதினொரு மணிக்கு வந்தார், கடைசிக் கூட்டத்தோடு. "சுவரோட கதையைச் சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்" என்றார். காலையிலிருந்து அரைகுறையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அப்போதுதான் முழுசாகச் சொன்னேன்.

அப்பாவின் தாத்தா பாத்திரக்கடை வைத்திருந்தவர். வீடு கட்டும்போது இந்தச் சுவருக்கு மட்டும் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்தார்களாம். பூச்சு ஈரமாக இருக்கும்போதே காவிரியில் பொறுக்கின வழவழப்பான கல்லால் தேய்க்க வேண்டும். ஒருவர் எழுந்துபோனால் அந்த இடம் காய்ந்து, இரண்டு பேர் வேலைக்கும் நடுவில் ஒட்டு தெரியும். அதனால் யாரும் எழவில்லை. வீட்டுப் பெண்கள் சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டினார்கள். ஒரு ஆள் காய்ச்சலில் சாய்ந்துவிட, கடையைப் பூட்டிவிட்டுத் தாத்தாவே அந்த இடத்தில் உட்கார்ந்தார். கைத்தோல் உரிந்து, அதற்கப்புறம் ஒரு மாதம் அவரால் தராசு பிடிக்க முடியவில்லையாம். "இந்தச் சுவத்துல எங்கேயாவது ஒட்டு தெரியுதான்னு பாருங்க" என்று முடித்தேன்.

எல்லாரும் போய்க் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆசிரியை சிரித்துக்கொண்டே நோட்டில் ஏதோ எழுதினார். வீடு கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் பீரோ நகர்கிற சத்தம் கேட்டது. தம்பி. ஒற்றை ஆளாகத் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். மேலிருந்த குத்துவிளக்கு உருண்டு விழப்போனது, ஒரு காலேஜ் பெண் பிடித்தாள். மங்கின இடம் பளிச்சென்று வெளியே வந்தது.

"இதையும் பாருங்க மேடம்" என்றான். "இது நான் பண்ணினது. சுவர் பூரா பெயிண்ட் அடிச்சுட்டேன். உரிச்சுட்டோம். இந்த இடம் மட்டும் போயிடுச்சு. தெரியாம பண்ணிட்டேன்."

எனக்கு அவனைக் கொன்றுபோடலாம் போலிருந்தது. ஆசிரியை மங்கின இடத்தைத் தொட்டுப் பார்த்தார், பிறகு அவன் விரல்களைப் பார்த்தார். நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

மதியம் ஆசிரியை போன் பண்ணினார். தளம் திருவானைக்காவலில் உள்ள ஒரு வீட்டுக்கு. அங்கே உத்திரமே உளுத்துவிட்டதாம், பெயிண்ட் விஷயம் இல்லாவிட்டாலும் அவர்களுக்குத்தான் போயிருக்கும் என்று ஆறுதலாகச் சொன்னார். நான் நம்பவில்லை.

சாயங்காலம் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். நாலு நாளில் அன்றுதான் நாங்கள் சும்மா உட்கார்ந்தது.

"எதுக்குடா பீரோவை நகர்த்தினே?" என்றேன். "வாய மூடிட்டு நின்னிருந்தா என்ன?"

"நீ சொன்ன கதையைக் கேட்டப்புறம் நிக்க முடியலக்கா."

"அது பழைய கதைடா. அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கார்."

"உன்கிட்ட சொன்னார். என்கிட்ட மார்க் எவ்வளவுன்னு மட்டும்தான் கேட்டார்." அவன் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத்தான் பேசினான். "சரி, அப்பாதான் அப்படி. இன்னிக்கு ஒரு நாள்ல முன்னபின்ன தெரியாத நாப்பது பேருக்குச் சொன்னியே, என்கிட்ட என்னிக்காவது ஒருநாள் சொன்னியா? எனக்கு அம்பத்தி நாலு வயசாகுதுக்கா. இது எனக்கு வெறும் சுவர்தானே. வெறும் சுவத்துக்கு எவனும் பெயிண்ட்தானே அடிப்பான்?"

அவன் கெடுத்துவிடுவான், அவனுக்குப் புரியாது, அவனுக்கு ஃபிளாட்தான் முக்கியம் என்று வருஷக்கணக்காக நானே முடிவு பண்ணி வைத்திருந்தேன். கேட்டுப் பார்க்கவே இல்லை. ஊருக்குத்தான் உபதேசம் செய்திருக்கிறேன். "தப்புதான்டா" என்றேன். அந்த வார்த்தையை அவனிடம் நான் சொன்னது அதுதான் முதல்முறை.

அவன் பையிலிருந்து பில்டரின் காகிதங்களை எடுத்துத் தரையில் வைத்தான். பேனாவையும் வைத்தான்.

நான் அந்தப் பேனாவைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். அந்த மங்கின இடத்தையும் பார்த்தேன்.

"முடியாது" என்றேன்.

"அக்கா, வாக்கு கொடுத்திருக்கே."

"கொடுத்தேன். இப்போ மாறுறேன். நான் சொன்ன வாக்கை நானே மீறுறேன், உன் இஷ்டத்துக்குத் திட்டிக்கோ. தளம் ஒழுகினா ஒழுகட்டும், நான் அண்டா வைக்கிறேன். அடுத்த வருஷம் மறுபடி படிவம் போடறேன். கிடைக்கலைன்னா அதுக்கு அடுத்த வருஷம். இந்த வீட்டை இடிக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்டா. கோர்ட்டுக்குப் போறியா, போ."

அவன் போன் அடித்தது. பில்டர்தான். சாயங்காலம் கையெழுத்து ஆகிவிடும் என்று அவனே சொல்லி வைத்திருந்தான். எழுந்து முற்றத்து ஓரமாகப் போனான். எனக்குக் கேட்கக் கூடாது என்று போனவன், பாதியில் நின்று திரும்பினான்.

"சார், அக்கா கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க சார்" என்றான்.

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். அக்காவிடம் நான் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டிருப்பார்கள் போல. தம்பி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான்.

"இல்ல சார், அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல" என்றான். "நானும் போடல."